பிரசவ வார்டுப் பயிற்சிக்கு எதைப் படித்துவிட்டுப் போவது?

மூத்த செவிலியர் ஒருவரின் மேற்பார்வையில் பிரசவ வார்டுப் பயிற்சி தொடங்கப்போகிறது, எப்படித் தயாராவது, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் முழுவதையும் புரட்ட வேண்டாம். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவைக்கும் வரைபடமான பார்ட்டோகிராஃப், அல்லது அதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட புதிய படிவம், இவற்றில் உங்கள் வார்டில் எது புழக்கத்தில் இருக்கிறதோ அதை நிரப்பிப் பழகுங்கள். புதியதில் தீவிரக் கட்டம், அதாவது கருப்பை வாய் வேகமாக விரியும் கட்டம், கருப்பை வாய் 5 செ.மீ. விரிந்ததும் தொடங்குகிறது, பழையதில் 4.

கைப்பழக்கம்தான் உண்மையில் கடினம். வயிற்றின் மேற்பகுதியில் உள்ளங்கையைப் பதித்து, 10 நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு. அதைக் கேட்கும்போதே தாயின் நாடியையும் பிடியுங்கள். இல்லாவிட்டால் தாயின் துடிப்பையே குழந்தையுடையது என்று எழுதிவிட நேரும்.

மருந்துகளில் முதலில் ஆக்ஸிடாசின், கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து. குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் தசை ஊசி; வலியைத் தூண்ட அதே மருந்து டிரிப்பில். அளவு மீறினால் வலிகள் இடைவெளியின்றி வந்து, குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையும்.

எதை நீங்களே செய்யலாம், எதற்கு அவர் அருகில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள். கருப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று விரலால் பார்க்கும் உள்பரிசோதனை நிச்சயம் இரண்டாவது வகை. வலியில் தாய் திட்டினால் பொருட்படுத்தாதீர்கள். ஆம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்; வெறும் வயிற்றோடு நின்று மயங்கி விழும் மாணவர்கள் உண்டு.