நான்காம் கட்டம் என்ற பிறகும் எதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. புகைபிடிக்கும் பழக்கம் அவருக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. சில மாதங்களாக இருந்த முதுகுவலிக்குப் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். பிறகு ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி நான்காம் கட்டத்தில் இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை கிடையாது என்கிறார்கள். மரபணுப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்று கீமோவும் தொடங்கவில்லை. பக்கத்து புளோக்கில் உள்ள பெரியவர் இம்யூனோதெரபி எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். அம்மாவுக்கு ஏன் அதைத் தரவில்லை? அம்மாவிடம் நாங்கள் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.
– வாசகி, ஈசூன்

பதில்: அம்மாவின் முதுகெலும்பில் இருப்பது எலும்புப் புற்றுநோய் அல்ல. நுரையீரலில் தோன்றிய புற்றணுக்கள் இரத்தத்தின் வழியே சென்று அங்கே தங்கி வளர்ந்திருக்கின்றன. எலும்பு, மூளை, கல்லீரல், அட்ரினல் சுரப்பி என்று எங்கே போய்த் தங்கினாலும் அவை நுரையீரல் புற்றணுக்களே. அவற்றுக்குரிய மருந்தும் நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்தே. இவ்வாறு பரவிய பிறகு நுரையீரலில் உள்ள கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால், காயம் ஆறும்வரை மருந்து தள்ளிப்போகுமே தவிர, மற்ற இடங்களில் உள்ள நோய் அப்படியே இருக்கும். அதனால்தான் உடல் முழுவதும் சென்றடையும் மருந்தை நாடுகிறார்கள்.

எந்த மருந்து என்பதை அந்த மரபணுப் பரிசோதனைதான் சொல்லும். புகைபிடிக்காத பெண்களுக்குப் பெரும்பாலும் வருவது அடினோகார்சினோமா என்னும் வகை. கிழக்காசிய நோயாளிகளில் இவ்வகை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ‘இஜிஎஃப்ஆர்’ என்ற மரபணு மாற்றம் காணப்படுகிறது. இந்திய வம்சாவளியினரிடம் இது அதைவிடக் குறைவுதான். ஆனாலும் சோதிக்காமல் விட்டுவிடும் அளவுக்குக் குறைவு அன்று. இம்மாற்றம் இருந்தால், தினமும் வீட்டிலேயே விழுங்கக்கூடிய ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரையால் நோயைக் கட்டுப்படுத்த முடியும். 2018இல் வெளியான ‘ஃபிளவுரா’ ஆய்வில், இம்மாத்திரையைப் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் நடுமதிப்பில் 18.9 மாதங்கள், பழைய மாத்திரைகளைப் பெற்றவர்களுக்கு அது 10.2 மாதங்கள். நடுமதிப்பு என்பது பாதிப் பேருக்கு அதைவிட நீண்டும் பாதிப் பேருக்குக் குறைந்தும் இருந்த காலம்; ஆகவே அதை உங்கள் அம்மாவுக்குக் குறிக்கப்பட்ட கெடுவாக எண்ண வேண்டாம். ‘ஏஎல்கே’, ‘ராஸ்1’ போன்ற அரிய மாற்றங்களுக்கும் தனித்தனி மாத்திரைகள் உள்ளன.

பக்கத்து புளோக் பெரியவரின் மருந்து அம்மாவுக்கு ஏன் ஒத்துவராமல் போகலாம் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலுக்குப் புற்றுநோய் போட்டிருக்கும் தடையை இம்யூனோதெரபி விலக்குகிறது. இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள நோய்க்கு அது பெரும்பாலும் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. அவசரப்பட்டு அதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஒசிமெர்டினிப் தொடங்கினால், நுரையீரலில் கடுமையான அழற்சி ஏற்படும் ஆபத்தும் கூடுகிறது. இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. காத்திருக்க முடியாத அளவுக்கு நோய் வேகமாக இருந்தால், முடிவு வருமுன்பே கீமோவைத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால், வலியோடு காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதுகெலும்பு வலிக்குக் கதிர்வீச்சு நன்றாகப் பலன் தரும்; சிலருக்கு ஒரே ஒரு முறை கொடுத்தாலே போதும். எலும்பை வலுப்படுத்தும் ஊசி போடுவதானால், அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அம்மருந்து தாடை எலும்பைப் பாதிக்கக்கூடும். இன்னொன்றை மிகவும் அழுத்திச் சொல்கிறேன்: கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழந்தாலோ, அடுத்த சந்திப்புவரை பொறுக்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத் தாமதம்கூட நடமாட்டத்தைப் பறித்துவிடலாம்.

செலவைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பர் முதல் சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதி, சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள வெளிநோயாளி சிகிச்சைகளுக்கே பணம் தருகிறது. மருந்துக்கு மருந்து வரம்பும் மாறும். சிகிச்சை தொடங்குமுன் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள்.

அம்மாவிடம் மறைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. நாள்தோறும் மாத்திரையை விழுங்கப்போகிறவர் அவர். தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிதாக மூச்சுத்திணறல் வந்தால் உடனே சொல்ல வேண்டியவரும் அவரே. எதற்கென்று தெரியாத மருந்தின் விளைவை எப்படிச் சொல்வார்? வீட்டில் எல்லாரும் தணிந்த குரலில் பேசுவதை வைத்தே அவர் பாதியைப் புரிந்துகொண்டிருக்கவும் கூடும். “எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் அம்மா?” என்று மருத்துவர் முன்னிலையில் கேட்டுத் தொடங்குங்கள். வலிநிவாரணப் பராமரிப்புக் குழுவையும் இப்போதே கேட்டுப் பெறுங்கள். அது கடைசி நாட்களுக்கு மட்டும் உரியது அல்ல. பாஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் அப்பராமரிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் நடுமதிப்பில் 11.6 மாதங்களும் மற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்தார்கள். முதல் பிரிவினரின் மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

கேள்வி: அக்காவுக்கு இதே நோய்க்கான மாத்திரை தருகிறார்கள். ஊரிலிருந்து வரவழைத்த மூலிகைப் பொடியையும் சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், பூன் லே

பதில்: மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இம்மாத்திரைகளில் பலவற்றைக் கல்லீரலே சிதைக்கிறது. கல்லீரலின் அந்த வேலையைத் தூண்டும் மூலிகை, உடலில் மாத்திரையின் அளவைக் குறைத்துவிடும். தடுக்கும் மூலிகை அதை நஞ்சாகும் அளவுக்கு உயர்த்திவிடும். ரசத்தில் போடும் மிளகும் மஞ்சளும் கவலைக்குரியவை அல்ல. செறிவூட்டிய பொடியும் குளிகையும் அப்படியல்ல. அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தையே எடுத்துச் சென்று, மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் காட்டுங்கள்.