சித்தப்பா வாசிக்கும் வேலையறிக்கை

கேள்வி: மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் பரிட்சார்த்த உறுப்பினர்தான். கிளை மாநாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நான் பேசலாமா? கிளைச் செயலாளர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் வாசிக்கும் அறிக்கையில் குறை இருந்தால் எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: தாராளமாகப் பேசலாம். ஓட்டுத்தான் கிடையாது. பரிட்சார்த்த காலமான ஒரு வருடம் முடிந்து முழு உறுப்பினர் ஆகும்வரை நீங்கள் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது, உங்களையும் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோரும் கை தூக்கும்போது கூடவே தூக்கிவிடாதீர்கள். என் முதல் மாநாட்டில் நான் தூக்கினேன். பக்கத்துத் தோழர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அது 2007. நானும் நாகைக்காரன்தான். ஒன்பது பேர், ஒரு வீட்டுத் திண்ணை, மூங்கில் கம்பில் செங்கொடி. கொடியேற்றி, மறைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தி உட்கார்ந்ததும் செயலாளர் வேலையறிக்கை வாசித்தார். நாடெங்கும் இந்திய-அமெரிக்க அணு ஒப்பந்தப் பேச்சாக இருந்த நேரம். நான் எழுந்து அமெரிக்காவைப் பத்து நிமிடம் விளாசினேன். முடித்ததும் ஒரு வயதான அம்மா கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, நம்ம தெருவுல எத்தனை பேருக்கு நூறு நாள் வேலை அட்டை வந்திருக்கு?"

நம் மாவட்டத்துக்கு அந்தத் திட்டம் 2006இல், முதல் கட்டத்திலேயே வந்துவிட்டது. எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, வீடு வீடாகச் சொன்னார். மேல் மாநாட்டுக்குப் பிரதிநிதியாக அவரைத்தான் அனுப்பினோம். அனுப்பினோம் என்ன, அனுப்பினார்கள். எனக்குத்தான் ஓட்டில்லையே!

சரி, சித்தப்பா. திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் அவர் தோழர். கூட்டம் முடிந்ததும் சித்தப்பா. அறிக்கையில் "மக்கள் பிரச்சினைகளில் தலையிட்டோம்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எந்தப் பிரச்சினை, எப்போது மனு கொடுத்தோம், அந்த மனு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். "நீங்க ஒண்ணுமே செய்யலை" என்று ஆரம்பித்தால் அது குடும்பச் சண்டை. கடைசியில் அவர் பதிலுரை சொல்வார், நடுவில் குறுக்கிடாதீர்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்வார். ஆனால் இதையே டீக்கடையில் சொல்லி, அது யார் வாய் வழியாகவோ அவர் காதுக்குப் போனால் இரண்டு வருடம் பேசமாட்டார்.

சின்னக் கூட்டம்தானே என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த 24ஆவது அகில இந்திய மாநாட்டுக்கும் ஆரம்பம் இப்படிப்பட்ட திண்ணைகள்தான். கிளையில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறி அங்கே போய்ச் சேர்ந்தது.

கால் நடுங்கினால் சொல்ல வேண்டியதை மூன்று வரியில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாவது டீ வருவதற்குள் பேசிவிடுங்கள். அப்புறம் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.