பெயரை விடுங்கள், நம்பரைத் தேடுங்கள்: உணவுப் புகார், திரும்பப் பெறுதல் பற்றிய கேள்வி-பதில்

நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். வீட்டில் வாங்கும் தேங்காய் எண்ணெய் கேரளாவில் தடை செய்த பட்டியலில் இருக்கிறதென்று என் நாத்தனார் சொல்கிறார். நெட்டில் தேடினால் அதே மாதிரி நாலைந்து பெயர் வருகிறது. எது நம்முடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் எண்ணெய் விற்பவர்கள்தான், அம்மா. 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை முதலில் 45 பிராண்டுகளைத் தடை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இன்னும் 74. அரசுக் கூட்டுறவு நிறுவனமான கேராஃபெட் விற்பது 'கேரா'. அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டு வந்தவைதான் பட்டியலில் நிறைய. போதாததற்கு மலையாளப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் தேடலில் சிக்காது. சிக்கினாலும் அது வேறு கம்பெனியாக இருக்கும்.

அதனால் பெயரை விடுங்கள். பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரைக்குக் கீழே 14 இலக்க நம்பர் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் வெறும் பதிவு, அதாவது சின்ன யூனிட். அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம்: 13 கேரளா, 24 தமிழ்நாடு, 00 என்றால் மத்திய லைசென்ஸ். அதற்கடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 'பாலக்காட்டுச் செக்கு எண்ணெய்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு நம்பர் 124 என்று ஆரம்பித்தால், லைசென்ஸ் தமிழ்நாட்டில் வாங்கியது. அது குற்றமில்லை. ஆனால் தெரிந்துகொண்டு வாங்கலாம் இல்லையா?

அந்த நம்பரை அந்த ஆணையத்தின் 'ஃபோஸ்கோஸ்' (FoSCoS) இணையத் தளத்தில் லைசென்ஸ் தேடும் இடத்தில் அடியுங்கள். கம்பெனியின் பெயர், முகவரி, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பது வரும். பாக்கெட்டில் உள்ள முகவரியும் திரையில் வரும் முகவரியும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த எண்ணெயை நான் வாங்க மாட்டேன். ஒத்துப்போனால் எண்ணெய் சுத்தம் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. ஆள் யார் என்பதுதான் அங்கே தெரியும், சரக்கு எப்படி என்பது தெரியாது.

சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன் சார். ஒரு மிளகாய்த்தூளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்ததாக வாட்ஸ்அப்பில் பார்த்தேன். கடையில் இருக்கும் அந்தக் கம்பெனி சரக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா?

கொட்டாதீர்கள். முதலில் பேட்ச் நம்பரை, அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரித்த சரக்குக்குப் பாக்கெட்டில் போடும் நம்பரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் பதஞ்சலி மிளகாய்த்தூளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருந்ததென்று. உத்தரவு ஒரே ஒரு பேட்சுக்கு. 200 கிராம் பாக்கெட்டுகள், மொத்தம் சுமார் 4 டன். செய்தி ஊரெல்லாம் சுற்றியபோது பேட்ச் நம்பர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மக்கள் கம்பெனி பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

2017-ஆம் ஆண்டின் திரும்பப் பெறும் விதிமுறைப்படி அறிவிப்பில் பொருளின் பெயர், பாக்கெட் அளவு, பேட்ச் நம்பர், காரணம் எல்லாம் இருக்க வேண்டும். பேட்ச் நம்பர் இல்லாமல் வரும் ஃபார்வர்டை நம்பிக் கடையைக் காலி செய்ய வேண்டியதில்லை. நம்பர் ஒத்துப்போனால் அந்தப் பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கித் தனி அட்டைப்பெட்டியில் போட்டு, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி, எத்தனை என்று குறித்து வைத்து, சப்ளையருக்குச் சொல்லுங்கள். கொட்டிவிட்டால் கணக்குக் காட்டவும் முடியாது, காசும் திரும்பாது.

எங்கள் ஊர் ஆரியங்காவு. பால் விஷயமாக ஆன்லைனில் புகார் கொடுத்தேன். 20 நாளில் 'முடிக்கப்பட்டது' என்று வந்துவிட்டது. பாலில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இது ஏமாற்று வேலைதானே?

சில சமயம் ஏமாற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் புகார் வேறு, ஆய்வு முடிவு வேறு. நீங்கள் பாட்டிலில் பிடித்து வைத்த பால் சட்டப்படி மாதிரி ஆகாது. அதிகாரி கடையிலோ வண்டியிலோ எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து, சீல் வைத்தால்தான் அது மாதிரி. ஆய்வகம் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதிகாரி போன நேரத்தில் அந்தச் சரக்கே கடையில் இல்லை என்றாலும் புகார் 'முடிந்துவிடும்'.

உங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். 2023 ஜனவரியில் ஆரியங்காவில் தமிழ்நாட்டுப் பால் டேங்கர் ஒன்றை நிறுத்தினார்கள். பால்வளத் துறை சோதித்துவிட்டு, பால் கெடாமலிருக்கப் போடும் ரசாயனமான ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது என்றது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை ஆய்வில் அது அகப்படவில்லை. யார் பொய் சொன்னார்கள் என்று சண்டை. பெராக்சைடு நேரம் ஆக ஆகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மாதிரி எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குச் சோதித்தது என்பதுதான் முதல் கேள்வி. 'கலப்படப் பால் பிடிபட்டது' என்ற ஒற்றை வரியைத் தேடி எடுத்து அதோடு நிற்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

உங்களுக்கு இன்னொரு வழி உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். தப்பு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் வாங்கினேன், வீடு கேரளாவில், புனலூரில். எந்த மாநிலத்தில் புகார்?

வாங்கிய இடத்தில். புகார்ப் படிவத்தில் மாநிலம், மாவட்டம் கேட்கும்போது கடை இருக்கும் இடத்தைக் கொடுங்கள். அப்புறம், பில்லைத் தொலைக்காதீர்கள்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். நாம் குழம்புக்குப் போடும் மசாலாவை அங்கே திரும்பப் பெற்றார்கள் என்கிறான். இங்கே அதே மசாலா கடையில் தொங்குகிறதே?

2024 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறார். எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவைச் சிங்கப்பூர் திரும்பப் பெறச் சொன்னது. அதற்குச் சில நாள் முன்பே ஹாங்காங்கும் அதையும் எம்.டி.எச். மசாலாக்கள் மூன்றையும் நிறுத்தியிருந்தது. காரணம் எத்திலீன் ஆக்சைடு, கிருமி நீக்கப் போடும் வாயு. இதில் அளவு நாட்டுக்கு நாடு மாறும். மசாலாப் பொருளில் ஐரோப்பா கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் விடும். அமெரிக்கா 7 வரை விடும், 70 மடங்கு! ஆகவே ஓர் ஊர்ப் பட்டியலை இன்னோர் ஊர்க் கடைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஏற்றுமதிச் சரக்கும் உள்ளூர்ச் சரக்கும் ஒரே பேட்ச் என்றும் சொல்ல முடியாது.

ஐரோப்பாவின் உணவு எச்சரிக்கைத் தளமான 'ராஸ்ஃப்' (RASFF) தளத்தில் யாரும் தேடலாம். இந்தியா, மசாலா என்று கொடுத்தால் எந்தப் பொருளில் எது அகப்பட்டது என்று வரிசையாக வரும். ஆனால் கம்பெனி பெயர் வராது. எந்தப் பொருளில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் அதைத்தான் திறப்பேன். எதை வாங்கக் கூடாது என்று அதில் தேடிப் பயனில்லை.

மூணாறில் ஹோட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டது. சந்தையில் வாங்கும் மீனும் அப்படித்தான். இதற்கெல்லாம் பாக்கெட்டே இல்லையே, எந்த நம்பரைத் தேடுவது?

மீனுக்குத் தேட ஒன்றும் இல்லை. 2018-இல் 'ஆப்பரேஷன் சாகர் ராணி' என்று வாளையாறு, அமரவிளை, ஆரியங்காவு சோதனைச் சாவடிகளில், கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் போட்ட மீனைப் பிடித்தார்கள். அதில் அகப்பட்ட லாரியை வைத்து இன்று உங்கள் சந்தைக்கு வந்த மீனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலின், அம்மோனியா கண்டுபிடிக்கும் காகிதப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. கிடைத்தால் அதுதான் உதவும்.

ஹோட்டல் அப்படி இல்லை. 2022 ஜனவரி 1 முதல் பில்லிலேயே அந்த 14 இலக்க நம்பரை அச்சடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் படம் எடுங்கள். புகாரில் நம்பர், சாப்பிட்ட தேதி, நேரம், என்ன சாப்பிட்டீர்கள், டாக்டர் சீட்டு இவை இருந்தால் போதும். ஓனரின் குணநலன்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள்.