பாஸ்-பாரிடோன் குரலுக்கு கொரேனாவின் வேடங்கள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி: மேற்கத்திய குரலிசை படிக்கிறேன். என் குரல் பாஸ்-பாரிடோன் (ஆண் குரல்களில் மிகத் தாழ்ந்த பாஸுக்கும் நடுத்தரமான பாரிடோனுக்கும் இடைப்பட்டது) என்கிறார் ஆசிரியர். சுவிட்சர்லாந்துப் பாடகர் ஃபெர்னாண்டோ கொரேனாவின் பதிவுகளைக் கேட்டதிலிருந்து அவருடைய நகைச்சுவை வேடங்களைப் பாட ஆசை. எதை முதலில் எடுக்கலாம்?

பதில்: மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் வரும் டாக்டர் பார்த்தோலோவை எடுங்கள். வேடம் சிறியது, ஆரியா (தனிப்பாடல்) ஒன்றுதான். ஆனால் பஃபோ (நகைச்சுவை வேடப்) பாடகருக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் அந்த 'லா வென்டெட்டா'வில் ('பழிவாங்கல்') இருக்கிறது.

கொரேனா 1916இல் ஜெனீவாவில் பிறந்தவர். 1947இல் டிரியெஸ்டேயில் 'போரிஸ் கொடுனோவ்' ஓபராவின் வர்லாமாகப் பாடினார். 1954இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவுக்கு மொசார்ட்டின் 'டான் ஜியோவானி'யில் வரும் வேலைக்காரன் லெப்போரெல்லோவாக வந்தவர், 1978 வரை அங்கே பாடினார். இசைத்தட்டு உறைகளில் அவரை பாஸ் என்றே போடுவார்கள். ஆனாலும் 1962இல் புச்சினியின் 'ஜானி ஸ்கிக்கி'யில், பாரிடோனுக்கு எழுதிய தலைமை வேடத்தையே பதிவு செய்தார். அதனால் உங்கள் குரலுக்கு அவர் நல்ல வழிகாட்டிதான்.

சரி, ஆரியாவுக்கு வருவோம். எரிக் கிளைபர் இசைக்குழுவை நடத்திய 1955 டெக்கா நிறுவனப் பதிவில் பார்த்தோலோ கொரேனாதான். தொடக்கத்தில் 'வென்டெட்டா' என்ற சொல்லை நீளமாக, கம்பீரமாக விரிக்கிறார். பிறகு 'சே துத்தோ இல் கோதிசே' என்ற இடத்தில் சுரங்கள் மும்மூன்றாக ஓட ஆரம்பிக்கும். சட்டப் புத்தகம் முழுவதையும் புரட்டியாவது வழி கண்டுபிடிப்பேன் என்று பொரிகிறார் டாக்டர். அந்த வேகத்திலும் ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் தனியாக விழுகிறது. சத்தத்தைக் கூட்டி அவர் அதைச் சாதிக்கவில்லை. உதடும் நாக்கும்தான் வேலை செய்கின்றன.

நீங்களும் முதல் வாரம் பாடவே வேண்டாம். மெட்ரோநோமை (தாளம் தட்டும் கருவி) பாதி வேகத்தில் வைத்து, வரிகளைத் தாளத்தோடு பேசிப் பழகுங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தாடை இறுகினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். வயதான ஆளாகத் தெரிய வேண்டுமென்று குரலைச் செயற்கையாகத் தடித்து இருண்டதாக ஆக்குவது இளம் பாடகர்களுக்கு வழக்கமாக வரும் ஆபத்து. அதை மட்டும் செய்யாதீர்கள், தொண்டை கெட்டுவிடும்.

அப்புறம் லெப்போரெல்லோ. எஜமானின் காதலிகளை அவன் பட்டியல் போடும் 'பட்டியல் ஆரியா'வின் வேகமான முதல் பாதியைவிட, நிதானமான இரண்டாம் பாதிதான் கடினம்; அங்கே நீளமான இசைத்தொடரைத் தாங்கிப் பிடிக்க மூச்சு வேண்டும். சேசரே சியேப்பியுடன் கொரேனா பாடிய 1955 'டான் ஜியோவானி' பதிவில் இதைக் கவனியுங்கள்.

ரோசினியின் 'செவில்லேயின் நாவிதர்' ஓபராவிலும் வரும் பார்த்தோலோவுக்கு ஓரிரு வருடம் பொறுங்கள். அதில் 'ஆ உன் தொத்தோர்' நீளமான ஆரியா, மேல் ஸ்தாயியிலேயே ஓயாமல் பேச வைக்கும். தொனிசெத்தியின் 'டான் பாஸ்குவாலே' ஓபராவில் தலைப்பு வேடம் முழுவதும் அதற்கும் பிறகு. அதில் டாக்டர் மலாத்தெஸ்தாவுடன் வரும் 'கேத்தி, கேத்தி' டூயட்டை (இருவர் பாடல்) மட்டும் இப்போதே ஒரு பாரிடோன் நண்பருடன் சேர்ந்து மெதுவாகப் பழகலாம்.