அம்மா ஏன் ஸ்டோர் ரூமில் சாப்பிடுகிறார்?

கேள்வி: எனக்கு 47 வயது. புனேயில் வேலை பார்க்கிறேன். அப்பா காலமான பிறகு 74 வயதான அம்மா மயிலாடுதுறை வீட்டில் தனியாக இருக்கிறார். எங்களோடு வர மறுக்கிறார். வீட்டை 2022-லேயே என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய பாதுகாப்புக்காகக் கூடம், சமையலறை, படுக்கையறை மூன்றிலும் கேமரா வைத்து, நானும் மனைவியும் பிளஸ் டூ படிக்கும் மகனும் எங்கள் போன்களில் பார்த்துக்கொள்கிறோம். பிரஷர் இருந்தும் ஊறுகாய் எடுத்துப் போட்டுக்கொண்டதை ஒருநாள் பார்த்து, உடனே போன் செய்து தடுத்தேன். அந்த அளவுக்குக் கவனமாக இருக்கிறேன். இப்போதெல்லாம் ஸ்டோர் ரூமில் முக்காலி போட்டுச் சாப்பிடுகிறார். வயதானால் இப்படிச் சில பழக்கங்கள் வரும் போலிருக்கிறது. என் பிரச்சினை அதுவல்ல. தினமும் மதியம் கூடத்துக் கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். கேட்டால் ‘தூசி படுகிறது’ என்கிறார். என் வீட்டில், என் பணத்தில் வாங்கிய கேமராவை மூட அவருக்கு உரிமை இருக்கிறதா? அவருக்குத் தெரியாமல் வைக்கக்கூடிய சிறிய கேமராக்கள் நம்பகமானவையா?
— பெயர் வேண்டாம், புனே

பதில்: துண்டு இருக்கட்டும். முதலில் அந்த முக்காலியைப் பற்றிப் பேச வேண்டும்.

ஊறுகாயைப் பற்றி எழுதிய கையோடு, அடுத்த வாக்கியத்திலேயே ஸ்டோர் ரூமைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம் உங்களுக்கு வரவே இல்லை. உங்கள் அம்மா கையில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார், கரண்டியால் ஒரு துண்டு மாங்காயை எடுத்து வைக்கிறார், மறு நிமிடம் போன் மணி அடிக்கிறது, எடுத்தால் ‘ஏன் ஊறுகாய் போட்டுக்கொண்டாய்?’ என்று மகன் கேட்கிறான். அன்றைக்கு அந்தச் சோறு அவருக்கு இறங்கியிருக்குமா என்று யோசித்தீர்களா? அதன் பிறகு அவர் உங்களிடம் சண்டை போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் மூன்று கேமராக்களில் எதற்கும் எட்டாத ஓர் இடத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார். அதை வயதான காலத்துப் பழக்கம் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து, ஒளிந்துகொண்டு சாப்பிடும் பழக்கம் வயதால் வருவதில்லை, பயத்தால்தான் வருகிறது.

நம் ஊர் வீடுகளின் ஸ்டோர் ரூம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரிசி டிரம், காலி சிலிண்டர், சாக்கில் கட்டிப் போட்ட பித்தளைப் பாத்திரங்கள், இவற்றுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் இடமும் மங்கலான ஒரு பல்பும் இருக்கும். அங்கே முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலியில் 74 வயதுப் பெண் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். எழுந்திருக்கும்போது தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது? விழுந்தால் உங்கள் போனில் என்ன தெரியும்? காலியான கூடம்தான் தெரியும். எந்த விபத்துக்குப் பயந்து கேமரா வைத்தீர்களோ, அது நடப்பதற்கு மிக வசதியான இடத்துக்கு அந்தக் கேமராவே அவரைத் துரத்தியிருக்கிறது. உப்பு பிரஷருக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் முன்பு ஒரு துண்டு ஊறுகாய் போட்டுக்கொண்டதாவது உங்களுக்குத் தெரிந்தது. இப்போது அவர் என்ன சாப்பிடுகிறார், சாப்பிடுகிறாரா இல்லையா என்பதே தெரியாது.

இனி உரிமைக்கு வருகிறேன். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, கேமராவுக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்கள், இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேமராவில் பதிவாவது உங்கள் சுவர் இல்லை, ஒரு மனுஷி. அவரை நீங்கள் விலைக்கு வாங்கவில்லை. அந்தரங்கம் என்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ‘அதெல்லாம் அரசாங்கத்தை எதிர்த்துக் கேட்பது, வீட்டுக்குள் எதற்கு?’ என்பீர்கள். கல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்தவர்களில் ஒருவர், மற்றவரின் சம்மதம் இல்லாமல் வசிக்கும் பகுதிக்குள் கேமரா வைத்தார். அது கூடாது என்று 2025-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னது, அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அந்த வழக்கில் இரு தரப்புக்கும் வீட்டில் உரிமை இருந்தது, உங்கள் அம்மாவோ தன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நீங்கள் வாதாடலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தரவைத் தொடுவதில்லை. ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டப்போவதில்லை. பெற்ற தாயிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்குச் சட்டம் கதவைத் தட்ட வேண்டும் என்று நீங்கள் காத்திருந்தால், அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பத்திரத்தை நினைவூட்டியது நீங்கள்தான் என்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாது என்று அறிவிக்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழி செய்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயம் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உங்கள் அம்மா அங்கே போகப்போவதும் இல்லை. (இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைக்கூட வைத்துக்கொள்ளாமல் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டில் விருந்தாளி மாதிரி ஒண்டிக்கொள்ளும் உங்கள் பெருந்தன்மை எனக்குப் பிடிப்பதில்லை.)

படுக்கையறைக் கேமராவைப் பற்றி எழுதவே கூசுகிறது. குளித்துவிட்டு வந்து அவர் புடவை மாற்றுவது எங்கே? அந்த அறையில்தானே? அந்தக் காட்சி உங்கள் போனிலும், உங்கள் மனைவியின் போனிலும், பிளஸ் டூ படிக்கும் பையனின் போனிலும் ஓடுகிறது. பாட்டியின் படுக்கையறையைப் பள்ளிக்கூடத்துக் கழிவறையிலிருந்துகூட ஒரு பையன் திறந்து பார்க்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். சரி, இந்தச் செயலி அம்மாவின் போனில் இருக்கிறதா? தான் எப்படித் தெரிகிறோம், எவ்வளவு தெரிகிறோம் என்பதை அவருக்கு ஒருமுறையாவது காட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஒளித்து வைக்கும் கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் எந்தப் பெயரையும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்று நினைப்பதே தவறு. இந்த மலிவுக் கேமராக்கள் எடுப்பதெல்லாம் இணையம் வழியாக யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் உங்கள் போனுக்கு வருகிறது. கடையிலிருந்து வரும்போது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாதவர்கள் ஏராளம். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு, பரிசோதனை அறையில் இருந்த பெண்களின் காட்சிகள் டெலிகிராமில் விற்கப்பட்டது 2025-இல்தான் வெளியே வந்தது. அங்கேயும் பாதுகாப்புக்காகத்தான் வைத்திருப்பார்கள்.

இப்போது துண்டுக்கு வருகிறேன். மதிய நேரத்தில் நம் வீட்டுப் பெண்கள் கூடத்தில் என்ன செய்வார்கள்? புடவையைத் தளர்த்திக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் வெறுந்தரையில் படுப்பார்கள், பக்கத்து வீட்டுப் பெண் வந்தால் மருமகளைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் அவர் துண்டு போடுகிறார். ‘தூசி படுகிறது’ என்று உங்கள் மனம் நோகாமல் ஒரு காரணமும் சொல்கிறார். அவர் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்வதோடு உங்கள் மரியாதையையும் சேர்த்தே காப்பாற்றுகிறார் என்பதுகூடப் புரியவில்லையா?

படுக்கையறைக் கேமராவையும் சமையலறைக் கேமராவையும் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். அடுத்த வாரம் நீங்கள் மட்டும், குடும்பம் இல்லாமல், ஊருக்குப் போங்கள். லீவு கிடைக்காது என்று எழுதாதீர்கள். கேமரா வாங்கி, ஆள் பிடித்து மாட்டி, மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைத்திருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வழுக்காத விரிப்பும் போடுங்கள், படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவில் எரியும் சின்ன விளக்கு வையுங்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டு அவசரத்துக்கு அழுத்தக்கூடிய பொத்தான் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்து எப்படி அழுத்துவது என்று பழக்குங்கள், நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். கேமரா வாசலைப் பார்த்து ஒன்று இருக்கட்டும். கூடத்தில் இருக்க வேண்டுமா என்பதை அம்மா முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால் ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மதியம் இரண்டு பேருக்கும் இலை போடச் சொல்லி, அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஊறுகாய் ஜாடியை நீங்களே எடுத்து வந்து முன்னால் வையுங்கள், அவர் எவ்வளவு எடுக்கிறார் என்று பார்க்காதீர்கள். உப்பைப் பற்றி டாக்டர் சொல்லட்டும். நீங்கள் செய்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அந்த முக்காலியை ஸ்டோர் ரூமிலிருந்து அவரே வெளியே எடுத்துப் போட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். நீங்கள் எடுத்துப் போட்டால் அது கணக்கில் சேராது.