காலி நிலத்தை வாங்காமல், வாங்கும் உரிமையை மட்டும் வைத்து எப்படிப் பணம் பார்க்கிறார்கள்?

இது அமெரிக்காவில் பரவலாக உள்ள முறை. நில உரிமையாளரிடம் ஒரு தொகை கொடுத்து, "இந்தக் காலத்துக்குள், இந்த விலைக்கு, நான் விரும்பினால் வாங்குவேன், அதுவரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது" என்று எழுதி வாங்குவதுதான் ஆப்ஷன். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டித் தேதியைப் பிடித்துவைப்பது மாதிரி. விட்டுவிட்டால் முன்பணம் மட்டும் போகும்.

லாபம் எங்கே? விவசாய நிலத்துக்கும் வீடு கட்ட அனுமதி பெற்ற நிலத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தில். உதாரணமாக, 5 லட்சம் டாலர் நிலத்துக்கு 10,000 டாலர் கொடுத்து 18 மாத ஆப்ஷன் எடுக்கிறீர்கள். அதற்குள் பயன்பாட்டு மாற்ற அனுமதி வாங்கிவிட்டால் நிலம் 8 லட்சம் பெறலாம். வாங்கி விற்கலாம், ஒப்பந்தம் இடம் கொடுத்தால் அந்த உரிமையையே கட்டுநருக்கு விற்றுவிடலாம். உண்மையான உழைப்பு அந்த அனுமதியில்தான் இருக்கிறது. விலை தானாக ஏறும் என்று காத்திருப்பது வெறும் சூதாட்டம்.

உரிமையாளர் ஏன் சம்மதிக்கிறார்? பணம் இப்போதே கைக்கு வருகிறது, நிலமும் அவரிடமே இருக்கிறது.

1960களின் நடுவில் புளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே 27,000 ஏக்கருக்கு மேல் சேர்த்த டிஸ்னி நிறுவனமும், பெயர் தெரியாத துணை நிறுவனங்கள் வழியாக இப்படித்தான் பல ஆப்ஷன்களை எடுத்தது. பெயர் வெளியானதும் சுற்றுவட்டார விலை எகிறியது.

பலர் இதை நம்மூர் கிரய ஒப்பந்தம் என்றே நினைக்கிறார்கள். அதில் வாங்குபவரும் கட்டுப்பட்டவர். ஆப்ஷனில் விற்பவர் மட்டுமே கட்டுப்பட்டவர்.