ஆய்வகத்தில் ஒரே வேலை, சம்பளத்தில் இரண்டு நிலை: சங்கம் வழக்குத் தொடரலாமா?

கேள்வி: மத்திய அரசுத் துறை ஒன்றின் சென்னை மண்டல ஆய்வகத்தில், ஊதிய நிலை 7-இல், முதுநிலை அறிவியல் உதவியாளராக இருக்கிறேன். எங்கள் ஊழியர் சங்கத்தின் செயலாளரும் நானே. நிலை 10-இல் உள்ள விஞ்ஞானிப் பணியிடங்களில் பாதிக்கு மேல் பல ஆண்டுகளாகக் காலியாக இருப்பதால், மாதிரிகளைச் சோதிப்பது, முடிவறிக்கையில் கையெழுத்திடுவது, நீதிமன்றத்தில் சாட்சியம் அளிப்பது என அவர்களுடைய வேலை முழுவதையும் நாங்களே செய்கிறோம். இன்னொரு அமைச்சகத்தின் ஆய்வகத்தில் எங்களைப் போலவே எம்.எஸ்.சி. படித்து இதே சோதனைகளைச் செய்பவர்கள் நிலை 10-இல் இருக்கிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுச் சங்கத்தின் பெயரில் வழக்குத் தொடரலாமா? எந்த மன்றத்தை அணுக வேண்டும்? இந்த ஊதிய நிலைகள் 2016-இல் வந்தவை என்பதால் காலம் கடந்துவிட்டதா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு குறைகள் கலந்திருக்கின்றன. காலியான உயர் பணியிடத்தின் வேலையைச் செய்தும் அதற்குரிய ஊதியம் தரப்படவில்லை என்பது ஒன்று. உங்கள் பதவிக்கே வேறொரு துறையின் பதவிக்கு நிகரான ஊதிய நிலை வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தால், பலவீனமான இரண்டாவது கோரிக்கை வலுவான முதல் கோரிக்கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது என் கருத்து.

முதலில் மன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியரின் பணி தொடர்பான வழக்குகளை, 1985-ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டப்படி, மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமே முதலில் விசாரிக்க வேண்டும். உங்களுக்கு அதன் சென்னை அமர்வு. எல். சந்திரகுமார் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வை அணுகலாமே தவிர, நேராக அங்கே போக முடியாது. தொழிலாளர் நீதிமன்ற வழியைக் கைவிடுவது நல்லது. உங்கள் ஆய்வகம் தொழிலாளர் சட்டம் சொல்லும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வந்தால்தான் அந்த வழி திறக்கும்; ஆனால் அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் அந்த வரையறைக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் கூறியிருக்கிறது. அந்த வாதத்தை உடைப்பதிலேயே உங்கள் ஆண்டுகள் கழிந்துவிடும்.

சங்கம் மனுதாரராக இருக்கலாம். தீர்ப்பாயத்தின் 1987-ஆம் ஆண்டு நடைமுறை விதிகளில் 4(5) இதற்கு இடம் தருகிறது. ஆனால் எந்தப் பதவி வகையினருக்காக மனு செய்யப்படுகிறது என்பதை அதில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பாதிக்கப்பட்ட ஊழியர் ஒருவராவது சங்கத்தோடு மனுதாரராகச் சேர வேண்டும். உங்கள் சங்கம் மத்திய அரசு ஊழியர் சங்கங்களை அங்கீகரிப்பதற்கான 1993-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட சங்கம் உறுப்பினர்களின் பொதுவான நலன்களைத்தான் எடுத்துப் பேசலாம், தனி ஊழியர் ஒருவரின் பணிக்குறையை ஏற்று நடத்தக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. ஆகவே ஊதிய நிலையை உயர்த்தும் கோரிக்கை சங்கத்தின் பெயரிலும், உயர் பணியைச் செய்ததற்கான ஊதியக் கோரிக்கை அதைச் செய்த ஊழியர்களின் சொந்தப் பெயரிலும் போக வேண்டும்.

இனி முதல் குறைக்கு வருவோம். மேற்கு வங்கத்தில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவி அலுவலர்கள், திட்ட அலுவலர்களின் பொறுப்பை ஆண்டுக்கணக்கில் வகித்தும் அந்தச் சம்பளம் மறுக்கப்பட்ட வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது (அரிந்தம் சட்டோபாத்யாய வழக்கு). உயர் பதவியின் கடமைகளை ஓர் ஊழியரிடம் முழுமையாகச் சுமத்திவிட்டுச் சம்பளத்தை மட்டும் பழைய அளவிலேயே அரசு வைத்திருக்க முடியாது என்பதே அதன் சாரம். உங்கள் உறுப்பினர்களுக்கு இது நேராகப் பொருந்தக்கூடியது. நிலை 7-இன் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.44,900, நிலை 10-இன் தொடக்கம் ரூ.56,100; மாதம் ரூ.11,200 என்ற இந்த வேறுபாட்டின்மேல் அகவிலைப்படியும் சேரும் என்பதால், கேட்கும் தொகை சிறியதல்ல.

இதில் துறை சொல்லப்போகும் பதிலை இப்போதே யூகித்துவிடலாம்: ‘வழக்கமான வேலையோடு சிறிது கூடுதலாகச் செய்தார்கள், உயர் பொறுப்பை ஒப்படைத்து யாரும் ஆணையிடவில்லை.’ அதற்கு எழுத்து மூலமான ஆதாரம்தான் பதில். கையொப்பமிட்ட முடிவறிக்கைகளின் பதிவேட்டுப் படிகள், சாட்சியம் அளிக்க வந்த நீதிமன்ற அழைப்பாணைகள், வேலைப் பகிர்வு ஆணைகள், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களையும் காலியிடங்களையும் காட்டும் பட்டியல் ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் திரட்டுங்கள். கையில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. ரகசியம் எனக் குறிக்கப்பட்ட அறிக்கைகளை மட்டும் நீங்களாகப் படியெடுக்க வேண்டாம். அவற்றை வரவழைக்கத் தீர்ப்பாயத்திடமே கோரலாம்.

இரண்டாவது குறை கடினமானது. வேறு துறை என்பது தனியாக ஒரு தடையல்ல. 1982-இல் ரண்தீர் சிங் வழக்கில், டெல்லி காவல்துறையின் ஓட்டுநர் ஒருவர் பிற துறைகளின் ஓட்டுநர்களுக்கு இணையான ஊதியம் கேட்டபோது, துறைகள் வேறு என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 39(ஈ) பிரிவை சமத்துவ உரிமை தரும் 14, 16 ஆகிய பிரிவுகளோடு சேர்த்துப் படித்து, சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை நீதிமன்றத்தில் கேட்கத்தக்க உரிமையாக்கியது அந்தத் தீர்ப்புதான். ஆனால் அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் வாசலைக் குறுக்கிக்கொண்டே வந்தன. சுங்கம் மற்றும் மத்தியக் கலால் துறையின் சுருக்கெழுத்தாளர்கள் மத்தியத் தலைமைச் செயலகச் சுருக்கெழுத்தாளர்களோடு ஒப்பிட்டுக் கேட்டு 1988-இல் தோற்றார்கள். விரல்கள் செய்யும் வேலை ஒன்றாக இருந்தாலும் பொறுப்பும் நம்பகத்தன்மையும் வேறுபடலாம் என்று சொல்லப்பட்டது. இரண்டு பதவிகள் சமமா என்பதை ஊதியக் குழு போன்ற நிபுணர் அமைப்புகளே முடிவு செய்ய வேண்டும் என்று அதே 1988-இல் ஜே.பி. சௌராசியா வழக்கில் கூறப்பட்டதை அரசு வழக்கறிஞர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். 2016-இல் வந்த ஜக்ஜித் சிங் தீர்ப்பு, தற்காலிக ஊழியர்களுக்குச் சாதகமாக முடிந்ததால் தொழிற்சங்கங்களிடையே புகழ்பெற்றது. ஆனால் சமத்துவத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவருடையது என்பதையும் அதே தீர்ப்புதான் அழுத்திச் சொல்கிறது.

அதனால் ஒரே பட்டம், ஒரே கருவி, ஒரே சோதனை என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. இரு துறைகளின் ஆட்சேர்ப்பு விதிகளையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் பாருங்கள். அங்கே நிலை 10 என்பது மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நேரடியாகத் தேர்வு செய்யும் பதவியாகவும், உங்களுடையது வேறு தேர்வு முறையில் நிரப்பப்படும் அல்லது கீழிருந்து பதவி உயர்வில் எட்டும் பதவியாகவும் இருந்தால், ஒப்பீடு பெரும்பாலும் அங்கேயே முறிந்துவிடும். மாறாக, முந்தைய ஊதியக் குழுக்களின் காலத்தில் இரு பதவிகளும் ஒரே ஊதிய விகிதத்தில் இருந்து பின்னர் பிரிந்திருந்தாலோ, உங்கள் துறைத் தலைமையே நிலை உயர்வைப் பரிந்துரைத்து நிதி அமைச்சகத்துக்குக் கோப்பு அனுப்பியிருந்தாலோ, வழக்கின் முகமே மாறும். அசாம் ரைபிள்ஸ் படையின் ரேடியோ மெக்கானிக்குகள் 2008-இல் மற்ற மத்தியப் படைகளுக்கு இணையான ஊதியம் பெற்றதில், பணிகள் சமமல்ல என்று காட்ட அரசிடம் ஆவணம் இல்லாதது பெரும் பங்கு வகித்தது. அப்படியொரு கோப்பைத் தேடுவதுதான் செயலாளராகிய உங்கள் முதல் வேலை.

சிஎஸ்ஐஆர் (அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வகங்களின் விஞ்ஞானிகளை ஒப்பீட்டுக்கு இழுக்க வேண்டாம். அது பதிவு பெற்ற கழகமாக (சொசைட்டி) இயங்கும் தனி நிறுவனம், உங்களுக்கும் அவர்களுக்கும் முதலாளி வேறு. நீங்கள் ஒப்பிடும் அந்த இன்னொரு அமைச்சகத்தின் விஞ்ஞானிகளுக்குக் காலியிடம் இல்லாமலே பதவி உயர்வு தரும் நெகிழ்வுத் திட்டம் இருக்கலாம். அதையும் இதே மனுவில் கேட்டுச் சுமையைக் கூட்டாதீர்கள்.

நிலை 10-ஐ நேரடியாக வழங்குமாறு மட்டும் கேட்பது புத்திசாலித்தனமல்ல என்றே நினைக்கிறேன். மாற்றுக் கோரிக்கையாக, உங்கள் முறையீட்டைப் பரிசீலித்து, குறிப்பிட்ட கால வரம்புக்குள் காரணங்களோடு கூடிய ஆணையைப் பிறப்பிக்க அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்பதையும் சேருங்கள். எட்டாவது ஊதியக் குழுவுக்கு மனு அளிக்கும் வாய்ப்பையும் தவறவிடாதீர்கள். வழக்கு இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டால், நிபுணர் அமைப்பிடம் நீங்களே போகவில்லை என்ற வாதம் நாளை உங்களுக்கு எதிராக எழும்.

காலவரையறையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாதமும் குறைவான சம்பளம் பெறுவது தொடரும் பாதிப்பு என்று 1995-இல் எம்.ஆர். குப்தா வழக்கு சொல்கிறது. ஆயினும் தர்சேம் சிங் வழக்கின் (2008) அடிப்படையில் நிலுவைத் தொகை பொதுவாக வழக்கு தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கே கிடைக்கும். 2016 முதல் முழு நிலுவையும் வரும் என்று உறுப்பினர்களிடம் வாக்களித்துவிடாதீர்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நிலுவையில் ஒரு மாதத்தை இழக்கிறீர்கள்.

எனவே துறைத் தலைவருக்கு இரண்டு தனித்தனி முறையீடுகளை, ஒப்புகை பெறும் வகையில், இந்த மாதமே அனுப்புங்கள். ஆறு மாதங்களுக்குள் பதில் வராவிட்டால் அதன் பின் ஓராண்டுக்குள்ளும், மறுத்து ஆணை வந்தால் அந்த ஆணையின் நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். நினைவூட்டல் கடிதங்கள் எத்தனை அனுப்பினாலும் இந்த ஓராண்டு நீளாது. இடையில் வேலைநிறுத்த அறிவிப்பு எதையும் வெளியிட வேண்டாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 7-ஆம் விதி அதைத் தடை செய்கிறது, அதன்பேரில் வரும் ஒழுங்கு நடவடிக்கைக்குத் தனியாக ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும்.